இந்த வரியைத் தொடாதே

நவம்பர் 4

நேற்று முக்கூடல் கோவில் வாசலில் பட்டிமன்றம். 'இல்லறம் இனிக்கப் பெரிதும் துணை நிற்பது பேச்சா, மௌனமா' என்று தலைப்பு. நான் பேச்சு அணி. பியூலா மௌன அணி. இந்த சீசன் முழுக்க இதே தலைப்புதான் என்று நடுவர் தாணு ஐயா சொல்லிவிட்டார்.

முக்கூடலில் முன்வரிசைப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டேதான் கேட்பார்கள். அந்தக் கைகள் நின்றால் பேச்சு எடுபட்டது என்று அர்த்தம். நேற்று என் பேச்சு முழுவதும் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் வழக்கம்போல ஷிப்ட் கதையை எடுத்தேன். "எங்க வீட்டுக்காரரு நூல் மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்தாரு. அப்ப பகல்ல மட்டும் தூங்குவாரு. மில்ல மூடிட்டாவ. இப்ப ரெண்டு ஷிப்டும் சேத்துத் தூங்குதாரு. ஓவர்டைம் மட்டும்தான் பாக்கி!" கைகள் நின்றன. சிரிப்பு கோபுரம் வரை போயிற்று. நான்கு வருடமாக என்னைக் காப்பாற்றுகிற கதை அது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் தாணு ஐயா கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"உலகம்மா, அந்த ஷிப்டு கதை கொள்ளாம். மத்ததெல்லாம் நமுத்துப் போச்சு. பொங்கலுக்கு டிவிக்காரன் நம்ம குழுவுலேருந்து ஒரு பொம்பளயத்தான் கேக்கான். நீங்களா பியூலாவான்னு தென்காசி நிகழ்ச்சியில பாத்துட்டுச் சொல்லுகேன். புதுசாக் கொண்டு வாங்க."

நான் மேடையேறும்போது பியூலா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள். அவளோடு என்னை ஒரே தராசில் வைக்கிறார். பொங்கல் நிகழ்ச்சியில் முகம் தெரிந்தால் அடுத்த மூன்று வருடத்துக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. தெரியாவிட்டால் நான் வெறும் பாவூர்சத்திரம் வணிகவியல் டீச்சர்தான்.

என்னைக் கூட்டிப்போக வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். இப்போது கூட்டத்தில் புழுக்கமாக இருக்கிறது என்று டீக்கடைக்குப் போய்விடுகிறார். நவம்பர் மாதம் என்ன புழுக்கம் என்று தெரியவில்லை.

நவம்பர் 6

கம்ப்யூட்டர் டீச்சர் ரெஜினா என் செல்லில் ஒரு ஏஐ செயலியை ஏற்றிக் கொடுத்தாள். எழுதியதைக் கொடுத்தால் திருத்தித் தருமாம். இவரிடம் வாசித்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டு, "இது வேண்டாம்", "இது போன கோவில் கொடையில சொன்னதுலா" என்பார். எப்படியோ அது நின்றுபோயிற்று. ஷிப்ட் கதையை மட்டும் அவரிடம் வாசித்ததே இல்லை. அது மேடையில் தானாக வாய்க்கு வந்தது.

மத்தியானம் இவர் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, என் பேச்சு முழுவதையும் செயலியில் போட்டு, 'இதை இன்னும் சிறப்பாக்கு, நகைச்சுவை சேர்' என்று தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. முதல் வரியே 'மிகவும் அருமையான, சிந்தனையைத் தூண்டும் பேச்சு!' என்று இருந்தது. உள்ளே புதிதாக ஒரு ஜோக்: 'கல்யாணத்துக்கு முன்னால் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். இப்போது செல்போனைப் பார்த்துப் பேசுகிறார். நான் சார்ஜராகப் பிறந்திருந்தால் ராத்திரியாவது பக்கத்தில் இருந்திருப்பேன்!'

பரவாயில்லை. ஆனால் முதல் பார்வையிலேயே இப்படிப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. பெண் பார்க்க வந்தபோது என்னைப் புகழ்ந்த பெரிய நாத்தனார் பிறகு செய்ததெல்லாம் எனக்கு மறக்கவில்லை.

நவம்பர் 7

சோதித்துப் பார்த்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா கையெழுத்தைத் தானே போட்டு, வயிற்று வலி என்று ஒரு விடுப்புக் கடிதம் கொடுத்திருந்தான். வாக்கியத்துக்கு ஒரு பிழை. அதை அப்படியே தட்டிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'நேர்மையும் எளிமையும் நிறைந்த எழுத்து' என்கிறது. நேர்மையாம்! இதற்கு என் பேச்சும் அருமைதான், பொய் வயிற்று வலியும் அருமைதான்.

இருந்தாலும் சார்ஜரை எடுத்துக்கொண்டேன். வேறு வழியில்லை.

நவம்பர் 11

மிக்ஸி ஜார் கசிகிறது. இவர் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை.

நவம்பர் 17

நேற்று அம்பாசமுத்திரத்தில் நூலக வார விழா. எனக்கு முன்னால் பியூலா பேச எழுந்தாள். வழக்கமான முறுவலோடு மைக்கைப் பிடித்து, "எம் புருசன் வீட்டுக்கு வந்ததும் செல்லுகிட்டதான் போவாரு. நான் மட்டும் சார்ஜராப் பொறந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். எனக்கு மேடையே சுற்றியது.

அடுத்து நான். தாளில் இருப்பது அதே சார்ஜர். அந்த இடம் வந்ததும் நிறுத்தத் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். கூட்டம் சிரித்தது, ஜோக்குக்கு இல்லை, எனக்கு. தாணு ஐயா மைக்கை இழுத்து, "ரெண்டு அணிக்காரியளும் ஒரே மில்லுலதான் மாவு அரைக்கியளோ?" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

யார் சொல்லியிருப்பார்கள்? என் பை மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தது. பியூலாவின் பையும் பக்கத்தில்தான். அது போக இன்னொன்று. போன வாரம் இவருடைய செல்லில் பியூலாவின் நம்பரைப் பார்த்தேன். கேட்டால், "வேன் எத்தன மணிக்கு வரும்னு கேட்டா. அண்ணாச்சி சாப்டியளான்னு கேட்டா, அவ்வளவுதான்" என்கிறார். வேன் விஷயத்தை என்னிடம் கேட்க அவளுக்கு வாயில்லையா? இவரிடம் எதற்குச் சாப்பாடு விசாரணை? நான் கேட்டே எத்தனையோ நாளாகிறது.

நவம்பர் 21

பொறி வைக்கிறேன். கல்லிடைக்குறிச்சி நிகழ்ச்சிக்கு இரண்டு ஜோக்குகள். ஒன்று நானே கட்டியது, தாளில் எழுதி, பையின் வெளி அறையில் பாதி தெரிகிற மாதிரி வைப்பேன். இன்னொன்று இன்று செயலியிடம் கேட்டு வாங்கியது: 'மாமியார் பழைய சாஃப்ட்வேர், மருமகள் புது அப்டேட், நடுவில் ஹேங் ஆகி நிற்பவர் கணவர்.' அதைத் தாளில் எழுதவில்லை. இவரிடமும் மூச்சு விடவில்லை. செல்லுக்கும் கைரேகைப் பூட்டுப் போட்டாயிற்று. யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

"செல்லுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார் இவர்.

"எல்லாரும் போடுதாங்க" என்றேன். முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குற்றமுள்ள மனசு இப்படித்தான் பேச்சை முறிக்கும்.

நவம்பர் 25

நேற்று கல்லிடைக்குறிச்சியில் பைத் தாளை யாரும் தொடவில்லை. பியூலா சொன்னது சாஃப்ட்வேர் ஜோக்கை. மாமியார், அப்டேட், ஹேங், எல்லாம் வரிசை மாறாமல்!

ஆகவே இவரும் இல்லை, பையும் இல்லை. செல்லுக்குள் இருக்கிறவன்தான். என்னிடம் 'அருமை' என்று பல்லிளித்துவிட்டு அவளிடம் போய் ஒப்பித்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் கேட்டுவிட்டேன்: 'என் பேச்சை பியூலாவுக்குச் சொன்னாயா?'

பணிவாகப் பதில் வந்தது. மற்றவர்களோடு நடக்கும் உரையாடல்கள் தனக்குத் தெரியாதாம். இரண்டு பேர் ஒரே மாதிரிப் பொதுவாகக் கேட்டால் தான் ஒரே மாதிரி பதில் தரக்கூடுமாம். மாட்டிக்கொண்ட திருடனும் இவ்வளவு பணிவாகத்தான் பேசுவான்.

நவம்பர் 26

ஓய்வறையில் ரெஜினாவிடம் விஷயத்தைக் கொட்டினேன். பியூலாவின் பெயரைச் சொல்லாமல்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தன் செல்லை நீட்டினாள். "யக்கா, என் செல்லுல நீங்களே கேளுங்க. ஒங்க பேச்ச இது பாத்ததே இல்லல்லா."

'கணவன் மனைவி பற்றிய பட்டிமன்றப் பேச்சைச் சிறப்பாக்கு, நகைச்சுவை சேர்' என்று தட்டி, அவள் வைத்திருந்த ஏதோ பழைய ஆண்டு விழாப் பேச்சைக் கீழே ஒட்டினேன். வந்தது. சொற்கள் கொஞ்சம் மாறியிருந்தன. சார்ஜர் மாறவில்லை.

"ஓட்டலுக்குப் போயி 'நல்லதா ஏதாவது கொண்டாங்க'ன்னா எல்லா மேசைக்கும் இட்லிதான் வரும்" என்றாள் ரெஜினா. "என்ன வேணும், என்ன வேண்டாம், யாரு சாப்பிடப் போறாவன்னு சொன்னாத்தான அவன் யோசிப்பான்?"

எனக்கு அவமானமாக இருந்தது. திருட்டு என்று இருந்தால்கூடத் தேவலை. திருட வேண்டுமென்றால் என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். நானும் அவளும் ஒரே இட்லியைக் கேட்டு வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அவள் செயலி வைத்திருக்கிறாள் என்று தாணு ஐயாவிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் உடனே "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். வாயை மூடிக்கொண்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தான்.

நவம்பர் 30

ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துப் போட்டேன். இவர் மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்.

இரண்டு நாள் யோசித்து, செயலிக்கு இன்று இப்படி எழுதினேன். மாணவர்களுக்கு விடைத்தாள் விதி எழுதிப் போடுகிற தோரணையிலேயே எழுதினேன், அதுதான் எனக்கு வரும்.

'புகழாதே. என் வாக்கியத்தில் கை வைக்காதே. புது ஜோக் தராதே. கேட்கப் போகிறவர்கள் தென்காசி வணிகர் சங்கத்துக் கடைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிக் களைத்து, கடையைச் சாத்திவிட்டு வருகிறவர்கள். அவர்கள் எந்த இடத்தில் செல்லை எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொல். எதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வரி, எது நான் மட்டுமே சொல்லக்கூடிய வரி என்று பிரித்துக் காட்டு. உனக்கு நம்ப முடியாத இடம் இருந்தால் கேள்வியாகக் கேள்.'

இந்த முறை 'அருமை' வரவில்லை. முதல் பத்தி முடிவதற்குள் செல்லை எடுத்துவிடுவார்களாம். நான் உயிரைக் கொடுத்து எழுதிய மாமியார் பகுதி யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதாம். கோபம் வந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. முழுப் பேச்சிலும் என்னுடையது என்று அது எடுத்துக் காட்டியது ஷிப்ட் கதையை மட்டும். அதோடு விட்டிருக்கலாம். கீழே எழுதியிருந்தது:

'இல்லறத்துக்குப் பேச்சு முக்கியம் என்று வாதிடுகிறீர்கள். ஆனால் உங்கள் சொந்த உதாரணத்தில் நீங்கள் மட்டுமே பேசுகிறீர்கள். கணவர் எங்கும் பதில் சொல்வதில்லை. எதிரணியினர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கதையைக் கேட்டபோது அவர் என்ன சொன்னார்?'

இப்படிக் கேட்க வைக்க இவர் என் செல்லைத் தொட்டாரா? பூட்டு அப்படியே இருக்கிறது. விரல் ரேகை என்னுடையது மட்டும்தான்.

டிசம்பர் 2

'அவர் சிரித்தார்' என்று தட்டினேன்.

'சிரித்துவிட்டு ஏதாவது சொன்னாரா?' என்று வந்தது. வக்கீல் குறுக்கு விசாரணை மாதிரி.

முதல் தடவை அந்தக் கதையைச் சொன்னது ஆலங்குளத்தில். இவர் முதல் வரிசையில்தான் இருந்தார். பக்கத்தில் இருந்த ஆள் இவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. இவரும் சிரித்திருப்பார். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை.

நாளைக்கு மாதாந்திரத் தேர்வு வினாத்தாள் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

டிசம்பர் 6

இவரிடம் கேட்டேவிட்டேன். தென்காசிக்கு வேண்டியிருக்கிறது, கேட்காமல் முடியாது. காலையில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்த ஷிப்டு கதையச் சொல்லும்போது நீங்க ஒரு பதில் சொல்லணும்னா என்ன சொல்லுவிய? பேச்சுக்குத்தான் கேக்கேன்."

"பதிலா?" என்றார். "இப்பவா?"

"ஆமா, இப்பதான் எழுதுதேன்."

கொஞ்ச நேரம் உரித்தார். அடுப்பில் பருப்பு கொதித்துப் பொங்கியது, எழுந்து போய் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏளா, மில்ல மூடுன பெறவு நான் பகல்ல தூங்கல. கண்ண மூடிட்டுப் படுத்துக் கெடந்தேன். நீ வேலைக்குக் கெளம்புத நேரத்துல ஆம்பள ஒருத்தன் சும்மா உக்காந்து பாத்துட்டு இருந்தா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா."

கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரிக்கிற ஆள் கண் கலங்கினால் எதை நம்புவது?

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

டிசம்பர் 7

அந்த வரியைச் செயலியில் போட்டு, மேடைக்கு ஏற்ற மாதிரி மாற்று என்றேன். புத்தி வந்தும் பழைய பழக்கம் போகவில்லை பாருங்கள். உடனே ஜோடித்துக் கொண்டுவந்துவிட்டது: 'உன் தன்மானத்தைக் காக்கவே என் விழிகளுக்குத் திரையிட்டேன், கண்ணே!'

கண்ணேயாம்! கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை 'ஏளா'வைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. விழிகளுக்குத் திரை போடுகிற மனிதரா இவர்? படுக்கைக்குப் பழைய போர்வை போதும் என்கிறவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் செல்லைச் சுவரில் அடித்திருப்பேன்.

'இந்த வரியைத் தொடாதே' என்று தட்டினேன். 'ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். இதற்கு முன்னால் என் பேச்சில் எதை வெட்ட வேண்டும், இதற்குப் பின்னால் நான் என்ன சொல்ல வேண்டும், அதை மட்டும் சொல்.'

சரியாகச் சொல்லிவிட்டது. முன்னால் இருக்கிற இரண்டு ஜோக்குகளையும் எடுத்துவிட வேண்டும். ஷிப்ட் கதையை வழக்கம்போலச் சொல்லி, கூட்டம் சிரித்து அடங்கும் வரை நின்று, இந்த வரியைச் சொல்ல வேண்டும். பின்னால் எதுவும் சொல்லக் கூடாது. அவர்களே யோசிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். இருபது வருட மேடையில் இப்படி ஒரு இடம் எனக்கு அமைந்ததில்லை. தென்காசியே எழுந்து நிற்கும். பொங்கல் என் கையில்தான்.

டிசம்பர் 10

"அன்னைக்கு நான் சொன்னத எழுதிருக்கியா?" என்று இவர் கேட்டார்.

"எத?"

"ஒண்ணுமில்ல."

டிசம்பர் 12

கேஸ் சிலிண்டர் வந்தது. நீலப் பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். பேச்சு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

டிசம்பர் 15

நேற்று தென்காசியில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நல்ல கூட்டம். தாணு ஐயாவுக்குப் பக்கத்தில் டிவியிலிருந்து வந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார். இவர் என்னை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனார். மேடைக்குப் பின்னால் பியூலா எனக்கு ஒரு இஞ்சி மிட்டாய் நீட்டினாள். "தொண்டைக்கு நல்லதுக்கா" என்றாள். வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன், தின்னவில்லை.

அவள் பேச எழுந்தாள். சார்ஜர் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. அவளும் கேட்கிற விதத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாளா, அல்லது சொந்த மூளையா, எனக்குத் தெரியாது. நேராக என் பக்கம் திரும்பினாள்.

"உலகம்மா அக்கா எல்லா ஊர்லயும் ஒரு ஷிப்டு கதை சொல்லுவாவ. நீங்களும் கேட்டிருப்பிய. மில்லு மூடிட்டு, வீட்டுக்காரவிய ரெண்டு ஷிப்டும் தூங்குதாவன்னு. நாலு வருசமா ஊரு ஊராச் சொல்லுதாவ. அதக் கேட்டு அந்த அண்ணாச்சி என்னைக்காவது ஒரு வார்த்த திருப்பிச் சொல்லிருக்காவளா? ஐயா, நடுவர் ஐயா, அந்த மௌனந்தான்யா அந்தக் குடும்பத்த ஓட்டிட்டு இருக்கு!"

கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தேன், மேடை மரியாதை. அப்போதுதான் பார்த்தேன். மைக் செட்காரர் டீக்கடை வாசல் கம்பத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். எல்லா ஊரிலும் டீக்கடைப் பக்கம் ஒன்று கட்டத்தான் செய்வார்கள். நான் கவனித்ததில்லை. அதன் கீழே பெஞ்சில் இவர் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. நான் வைத்திருந்த பதிலுக்குக் கேள்வியை அவளே கேட்டுக் கொடுத்துவிட்டாள். இதைவிட ஒரு பேச்சாளருக்கு என்ன வேண்டும்? முதல் பத்தியில் ஒருவரும் செல்லை எடுக்கவில்லை. தாணு ஐயா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஷிப்ட் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, அவளே சொல்லிவிட்டாளே. "தங்கச்சி பியூலா கேட்டா, அந்த அண்ணாச்சி என்னைக்காவது பதில் சொன்னாவளான்னு. சொன்னாவ. இந்த மாசந்தான் சொன்னாவ" என்றேன். மைதானம் கப்சிப் என்று ஆனது.

தண்ணீர் குடித்தேன். வரி மறந்துவிட்டது.

வயது நாற்பத்தேழு, மறக்கத்தான் செய்யும். யாரோ ஒரு கடைக்காரர் பின்னாலிருந்து, "என்ன சொன்னாரும்மா?" என்று சத்தம் போட்டார். "அது எங்க வீட்டுப் பேச்சு" என்று ஏதோ உளறிவிட்டு, வெட்டி எறிந்திருந்த மாமியார் ஜோக்கைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். கைகள் செல்லுக்குப் போயின. ஊ என்று ஒரு சத்தமும் கேட்டது. தாணு ஐயா மணியடித்து என்னைக் காப்பாற்றினார்.

வீடு வந்ததும் இவர், "தூத்தல் விழுது, துணியெல்லாம் எடுத்துப் போட்டுட்டுதான் கெளம்புனேன்" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலையில் செயலியிடம், 'மேடையில் வரி மறந்துவிட்டது' என்று எழுதினேன். 'கவலைப்படாதீர்கள், இது எல்லாப் பேச்சாளர்களுக்கும் நேர்வதுதான்' என்று தேறுதல் சொன்னது. அது நம்பிவிட்டது.

டிசம்பர் 18

தாணு ஐயா பேசினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன், ஒரு கையில் டம்ளர் இருந்தது.

"உலகம்மா, பொங்கலுக்குப் பியூலாவத்தான் சொல்லிருக்கேன். மனசு சங்கடப்படாதீங்க. ஒங்க பேச்சு அன்னிக்கு மாதிரி என்னிக்கும் வந்ததில்ல. அந்த எடம் வரைக்கும் டிவிக்காரன் ஒங்க பேரத்தான் எழுதி வச்சிருந்தான். அங்க வந்து அப்படியே குழியில விழுந்துட்டிய. என்னம்மா ஆச்சு?"

"மறந்துட்டேன்யா."

"மறக்கலாமா? சரி, சித்திரைக் கொடைக்குப் பாப்போம்."

செல்லை வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு அந்தப் பொங்கல் வேண்டியிருந்தது. இருபது வருடமாக வேண்டியிருந்தது. அந்த நீலச் சேலையில் நான் டிவியில் எப்படி இருப்பேன் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

இவர் வாசலில் பைக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, பம்பைப் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார்.

"என்னது மறந்துட்டு?"

"ஒரு வரி."

"எந்த வரி?"

"அதான் மறந்துட்டுன்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினேன். "மறந்தது எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவர் என்னையே பார்த்தார். திருடனைப் பார்க்கிற மாதிரி ஒரு சந்தேகப் பார்வை. நான் டம்ளரைக் கழுவப் போகிற மாதிரி எழுந்தேன்.

"ஏளா, ஒனக்கு மறந்துட்டாக்கும்? எங்க பெரியக்கா ஒன்னியப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்ன சேலை கட்டிருந்தாவ?"

"பச்சைல மாம்பழக் கரை" என்றேன், வாய் தன்னால் சொல்லிவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, கடைசியில் பம்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார். எனக்குக் கண்ணீரும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அப்போது பார்த்தேன். இடது பக்கம், கடைவாயில் ஒரு பல்லைக் காணவில்லை.

"பல்லு எங்க?" என்றேன். "எப்ப விழுந்துது?"

"இதா?" நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "அது ஆச்சே, மூணு வருசம்."